மேல்வளைவில் கட்டாத துணி

ஜோதாவிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று அவன் பெற்ற பிள்ளைகளே கேட்டதில்லை. கேட்டால் "ஏதோ இருக்கு, ஆண்டவன் குடுத்தது" என்பான். அதற்குமேல் ஒரு சொல் பெயராது. வரிக்கு வந்தவன் கேட்டாலும் அதுதான், பெண் கேட்டு வந்த சம்பந்தி கேட்டாலும் அதுதான். மாட்டை எண்ணிச் சொன்னால் கண் படும், மந்தை தேயும் என்பது அதமாவா மேட்டுநிலத்தில் மாடு மேய்த்துப் பிழைக்கும் ஃபுலானிகள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம். ஜோதாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊறியிருந்தது.

அதனால், மழை ஓய்ந்த கையோடு ஈ மருந்துக்காரர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்று சேதி வந்தபோது அவன் செய்ததில் வீட்டில் யாருக்கும் வியப்பில்லை. மந்தையில் பார்க்க லட்சணமானவற்றை எல்லாம் பிரித்து, தம்பி யெரோவோடு ஆற்றின் மேல்வளைவுக்கு அனுப்பிவிட்டான். அங்கே மரங்கள் தண்ணீருக்கு மேலே கைகோத்து நிற்கும். பட்டப்பகலிலும் அந்தி மாதிரி இருக்கும். யானையைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் வெளியே தெரியாது. வீட்டு முன்னால் மிச்சம் நின்றவை எலும்பெடுத்த கிழடுகள், கொம்பு உடைந்தவை, அப்புறம் இரண்டாவது மனைவி அஸ்தாவின் சப்பை மூக்குப் பசு. வந்தவர்கள் அந்த மாடுகளின் காலுக்கும் அடிவயிற்றுக்கும் பொறுமையாக மருந்தடித்தார்கள். 'பாவம், இல்லாதப்பட்ட குடும்பம்' என்று கூட வந்தவன் ஒருவன் சொல்லிக்கொண்டு போனானாம். அதைக் கேட்டு ஜோதாவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மருந்துக்காரர்களுக்குத் தலைவன் அசலான் இல்லை. மூத்த மனைவி திஜ்ஜாவின் அத்தை மகன் ஹயாத்து. நாலு எழுத்துப் படித்து கால்நடை இலாகாவில் சேர்ந்தவன். மருந்தில் முக்கிய நீலத் துணிகளை ஆற்றுத்துறையில் கம்பு நட்டுக் கட்டினான். செட்சி ஈக்கு நீலம் என்றால் பைத்தியம். மாடு என்று நினைத்து வந்து உட்காரும், உட்கார்ந்தால் தீர்ந்தது. செட்சி என்பது ஹயாத்து வாயில். இறக்கையைக் கத்திரிபோல ஒன்றன்மேல் ஒன்று மடக்கி உட்காருவதால் இவர்களுக்கு அது கத்திரி ஈ.

"அண்ணே, மேல்வளைவுப் பக்கம் உங்க மாடு போகுமா? போகும்னா அங்கயும் கட்டிட்டுப் போயிடறேன்" என்று அன்றைக்குக் கேட்டான்.

"போகாது" என்றான் ஜோதா.

பொய் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தோன்றியிருக்காது. சொந்த மாட்டை வாயால் காட்டிக்கொடுக்காமல் இருப்பது அவனுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான். மருந்துக்காரர்கள் போன பிறகும் மாடுகள் மேல்வளைவிலேயே தங்கிவிட்டன. மேட்டில் புல் காய்ந்து முறுகிவிட்டது, ஆற்றோரத்தில் பச்சை இருந்தது. யெரோ காலையில் பாலைச் சுரைக்குடுக்கையில் சுமந்துகொண்டு வருவான். பால் பெண்களுடையது. தயிராக்கி, வெண்ணெய் எடுத்து, சந்தையில் கொடுத்துச் சோளமாவும் உப்பும் வாங்குவது திஜ்ஜாவும் அஸ்தாவும்.

வடக்கிலிருந்து தூசிக்காற்று அடிக்கத் தொடங்கியபோது குடுக்கையில் பால் இறங்கியது. முதலில் கழுத்துக்குக் கீழே போனது. அப்புறம் பாதி. அப்புறம் யெரோ குடுக்கையை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான். ஒரு நாள் காலை வெண்ணெய் கடைந்து முடித்ததும், திஜ்ஜா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

தூசியில் வானமும் பூமியும் ஒரே நிறமாக இருந்தன. சூரியன் மோரில் மிதக்கும் வெண்ணெய் உருண்டைபோல மங்கலாக மேலே நின்றது, அதை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. காலடிச் சத்தம்கூட யாரோ தூரத்தில் நடப்பதுபோலக் கேட்டது. ஆற்றுத்துறைக்கு வந்தபோது நீலத் துணிகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அந்த வெளிறின உலகத்தில் நிறம் என்று இருந்தது அவை மட்டும்தான். திஜ்ஜா அவற்றின் கீழே சற்று நேரம் உட்கார்ந்தாள். ஒரு ஈ இல்லை. தண்ணீர் தூங்குகிற குழந்தைபோல மூச்சுவிட்டது. பிறந்த வீட்டில் இருக்கிறோமா புகுந்த வீட்டில் இருக்கிறோமா, கல்யாணம் ஆகிவிட்டதா இனிமேல்தானா என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பியது. எழுந்திருக்க மனசே வரவில்லை.

மேலே நடக்க நடக்கத் துணிகள் நின்றுபோயின. மரங்கள் நெருங்கின. முதல் கடி பிடரியில் விழுந்தது, கோணி ஊசி ஏற்றினதுபோல. தட்டிவிடுவதற்குள் தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று. ஏன் இப்படி மொய்க்கிறது என்று யோசித்தவள் சட்டென்று குனிந்து தன்னைப் பார்த்தாள். அவள் சுற்றியிருந்ததும் நீலம்தான். மருந்தில்லாத நீலம்.

மேல்வளைவில் மாடுகள் பச்சை இருட்டில் நின்றுகொண்டிருந்தன. கனவில் வரும் மாடுகள்போல அசையாமல், வாலைக்கூட வீசாமல். உடம்பில் முடி சிலிர்த்து நின்றது. கண்ணோரத்தில் நீர் வடிந்து கோடாகக் காய்ந்திருந்தது. அவளுடைய பசு ஓலே ஓர் அத்திமரத்து வேரில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். ஓலே என்றால் அவர்கள் பேச்சில் மஞ்சள். மஞ்சள் பாரித்த அந்தப் பசு திஜ்ஜாவின் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தனுப்பின மாட்டின் பேத்தி. அவளுடையது என்று இந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். சினையாக இருந்தவளின் வயிறு இப்போது ஒட்டிக் கிடந்தது.

"எப்ப?" என்றாள் திஜ்ஜா.

யெரோ காலால் மண்ணைக் கிளறினான். "நேத்து விடியறப்போ, அண்ணி. கன்னுக்கு முடிகூட மொளைக்கல. எலையில சுத்திப் பொதைச்சுட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அண்ணன்தான் வேணாம்னாரு. வடக்கு வீட்டுல தெரிஞ்சா மனசு விட்டுருவாங்கன்னு."

வடக்கு வீடு என்றால் அவள். தெற்கு வீடு அஸ்தா. ஜோதா மனைவிகளைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. மானமுள்ள ஃபுலானி எவனும் சொல்ல மாட்டான், அவர்களும் அவன் பேரைச் சொல்ல மாட்டார்கள்.

"அப்ப அவருக்குத் தெரியும்."

"தெரியாம எப்படி அண்ணி? தினம் பொழுது சாய வந்து பாத்துட்டுத்தானே போறாரு. ஓலே கிட்ட உக்காந்து ஈ ஓட்டுவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு."

திஜ்ஜா ஓலேயின் கீழிமையைப் புரட்டினாள். உள்ளே சிவப்பே இல்லை, சோளக்களிபோல வெளுத்திருந்தது. தோளுக்கு முன்னால் தடவினாள், கட்டி கையில் உருண்டது. சம்மோரே. ஈ கொண்டுவருகிற நோய். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொழுந்தன் முன்னால் அழுவது கேவலம் என்பதால் ஆற்றில் இறங்கி வெகுநேரம் முகம் கழுவினாள்.

அன்று அந்தியில் ஜோதா வழக்கம்போல மந்தைத் தீயை மூட்டினான். காய்ந்த சாணமும் பச்சை இலையும் போட்டால் புகை தரையோடு படரும். வீட்டில் நின்ற மாடுகள் ஒவ்வொன்றாக வந்து புகைக்குள் நின்றன. கிழடுகள் எல்லாம் தேறியிருந்தன. கொம்பு உடைந்ததுகூடத் துள்ளியது. அஸ்தா களியைக் கிளறிக்கொண்டே தன் சப்பை மூக்குப் பசுவைப் பார்த்தாள், பளபளவென்று இருந்தது.

"பாருக்கா. உன் மாடு அழகு, அதனால ஒளிச்சாரு. என் மாடு அவலட்சணம், வாசல்ல நிறுத்தினாரு. இப்ப யாரு குடுக்கையில பால் ரொம்புது?"

"ஆமாண்டி, சந்தோஷப்படு."

"சந்தோஷமா?" அஸ்தா அகப்பையைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "எனக்கு வயிறு எரியுதுக்கா. யெரோ சொன்னான். ஓலே போட்ட கன்னைப் பத்தி. உன் அத்தை மவன் சந்தைக்கு மறுநாள் துணிக்கு மருந்து மாத்த வராராம். அவருகிட்ட ஊசி இருக்கும்ல? ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

"யாரு சொல்றது? நானா? போன தடவ இவரு உன்கிட்ட பொய் சொன்னாருன்னு பொறந்த வீட்டு ஆளுகிட்ட நான் போய்ச் சொல்லவா? அப்புறம் இவரு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவாரு?"

"அவரே சொன்னா?"

"அவரு சொல்லிட்டாலும்" என்றாள் திஜ்ஜா.

ஆனாலும் புளிச்சகீரைக் குழம்பை அவன் முன்னால் வைக்கும்போது, புகையைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆத்துப் பக்கம் ஈ ஜாஸ்தியா இருக்கு."

"தூசிக்காத்து நின்னா கொறைஞ்சிரும்."

"காத்து நிக்கறதுக்குள்ள என்னென்ன நிக்குமோ, என்னென்ன சாயுமோ."

ஜோதா களியைப் பிட்டான், குழம்பில் தொட்டான், வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தான். "பொறுக்கணும்" என்றான் கடைசியில். பசியைக் காட்டக் கூடாது, பயத்தைக் காட்டக் கூடாது, துக்கத்தைக் காட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். திஜ்ஜாவுக்கு அவன்மேல் கோபம் பொங்கியது. கூடவே, ஓலேக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிற அவன் கையும் கண்ணில் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சந்தைக்கு மறுநாள் முற்பகலில் ஹயாத்துவின் மோட்டார் சைக்கிள் தூசிக்குள்ளிருந்து வந்தது. முதலில் சத்தம் மட்டும் வந்தது, ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆள் தெரிந்தான். இமையிலெல்லாம் செம்மண். ஜோதா பாய் விரித்தான். இரண்டு பேரும் முறைப்படி குசலம் விசாரித்தார்கள். உடம்பு நலமா, நலம். களைப்பு எப்படி, இல்லை. வீட்டில் நலமா, நலம். மாடுகள் நலமா?

"நலம்" என்றான் ஜோதா, கண்ணிமைக்காமல்.

தேநீர் எடுத்துக்கொண்டு வந்த திஜ்ஜாவைப் பார்த்ததும் ஹயாத்துவின் வாய் அரிக்க ஆரம்பித்தது. "என்ன மாமன் மவளே, இன்னும் சாகலையா நீ?"

"உன்னைப் பொதைச்சு மேல கல்லு வெச்சுட்டுத்தான்டா போவேன்."

"தலையெல்லாம் நரைச்சுப் போச்சே. என்னைக் கட்டிட்டிருந்தா இப்படி ஆகியிருப்பியா?"

"ஈ புடிக்கிறவனைக் கட்டிட்டு ஈயைக் கொழம்பு வெச்சுத் தின்னிருப்பேன்."

அஸ்தா கொல்லென்று சிரித்தாள். அத்தை மகனும் மாமன் மகளும் என்ன பேசினாலும் குற்றமில்லை. அது அங்கே சட்டம் மாதிரி. எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் கேட்பவன் முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் அவனுக்குத்தான் அவமானம். திஜ்ஜா தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டம் அப்போதுதான் ஒரு கதவுபோல அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, குரலை இன்னும் ஏத்தமாக வைத்துக்கொண்டாள்.

"நீயும் உன் நீலத் துணியும்! ஒரு ஈயாவது செத்திருக்கா? எல்லா ஈயும் மேல்வளைவுல விருந்து தின்னுட்டு ஏப்பம் விடுது. எங்க வீட்டுக்காரரு சும்மா ஆளுன்னு நெனைச்சியா? மந்தையிலயே நல்ல மாடாப் பொறுக்கி அதுங்களுக்குப் பந்தி வெச்சிருக்காரு. உனக்குக் காட்டினது கிழடு, ஈக்குக் காட்டினது எங்கப்பன் குடுத்த ஓலே. போடா, நீயெல்லாம் ஒரு விருந்தாளியா?"

அஸ்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜோதாவின் கையில் தேநீர்க் கோப்பை உதட்டுக்கும் மடிக்கும் நடுவில் நின்றது. ஹயாத்துவின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு செத்து, மாட்டு வைத்தியன் முகம் எட்டிப் பார்த்தது. பிறகு தொடையில் தட்டிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்தான்.

"அடிப்பாவி! அன்னிக்கே மாமன் வீட்டு மஞ்சள் மாடு எங்கடான்னு கேக்க வாய் வந்துச்சு. கூட ஆளுங்க இருந்தாங்களேன்னு மரியாதைக்கு அடக்கிக்கிட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். சரி, காட்டுல கேக்க நாதியில்லாம கெடக்கற மாடு கண்டவனுக்குத்தானே சொந்தம்? நான் ஓட்டிட்டு வரேன். உன்னைக் கட்டிக் குடுக்காம என்னை ஏமாத்தினதுக்கு ஈடு."

"தைரியம் இருந்தா ஓட்டிட்டுப் போ."

"என்ன அண்ணே, ஓட்டிட்டுப் போகவா?"

எல்லோரும் ஜோதாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். 'அங்கே மாடே இல்லை' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேடிக்கை வேடிக்கையாகவே முடிந்துவிடும், ஓலேயும் முடிந்துவிடுவாள். காற்று சாம்பலைக் கிளப்பிற்று. அவன் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

"யெரோ" என்றான். "இவனுக்கு வழி காட்டு. திருட வந்தவன் வழி தெரியாம ஆத்துல விழுந்து தொலையப் போறான்."

அவர்கள் போனதும் ஜோதா எழுந்து, வெயில் நேரம் என்றும் பாராமல் மந்தைத் தீயை மூட்டினான். புகை தூசியோடு கலந்து வாசலையே மூடியது. ஆற்றுப் பக்கமிருந்து குளம்புச் சத்தம் மெல்ல ஏறிவந்தபோது அவன் புகைக்கு முன்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். எண்ணினால்தானே கண் படும், கூப்பிட்டால் என்ன. "ரானே! நேலே! புலே! வூனே!" ஒவ்வொரு பேருக்கும் ஒரு மாடு தூசிக்குள்ளிருந்து உருவெடுத்து வந்து, புகைக்குள் மறைந்தது. எலும்பும் தோலுமாக, கண்ணில் நீரோடு, கூப்பிட்ட வரிசையிலேயே வந்தன. கடைசியில் பெரிய செவலைக் காளை ஆடி ஆடி வந்தது. மேட்டுநிலத்தில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த காளை. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

"ஓலே எந்திரிக்கல" என்றான் யெரோ.

ஹயாத்து மாடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். இப்போது அவன் கேலி பேசவில்லை. பெட்டியைத் திறந்து மஞ்சள் நிற ஊசி மருந்துப் பொடி அடைத்த பொட்டலங்களை எடுத்து வைத்தான். "அண்ணே, ஒளிக்காம சொல்லிடறேன். காலுக்கு அடிக்கற மருந்து எல்லாத்துக்கும் காணும். ஊசி மருந்து காணாது. போன தடவ காட்டின மாட்டை நெனைச்சுத்தான் எடுத்துட்டு வந்தேன். போய்த் திரும்ப ஒரு வாரம் ஆகும், தூசியில வண்டி எங்க நிக்குமோ. நிக்கற மாட்டுக்குப் போட்டா தேறிடும். படுத்த மாட்டுக்குப் போட்டா, பாதிக்குப் பாதிதான். வீணாவும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க, மொதல்ல எதுக்கு?"

காளைக்கு என்றுதான் எவனும் சொல்வான். யெரோ ஏற்கெனவே காளையின் திமிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். திஜ்ஜா தலைத்துணியை வாயில் கடித்துக்கொண்டாள். 'வேண்டும்' என்று அவள் கேட்க மாட்டாள். கேட்டதை எல்லாம் வேடிக்கையில் கேட்டு முடித்துவிட்டாள்.

ஜோதா புகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். 'வடக்கு வீட்டு மாட்டுக்கு' என்று சொல்லியிருக்கலாம். யெரோவுக்குப் புரியும், எல்லோருக்கும் புரியும்.

"திஜ்ஜாவோட ஓலேக்கு" என்றான்.

அஸ்தா கையிலிருந்த குடுக்கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். யெரோ தலையைக் குனிந்துகொண்டான். ஹயாத்து பெட்டியை எடுத்துத் தோளில் மாட்டினான். கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் மீசை முளைத்துவிட்ட பிறகு, புருஷன் வாயிலிருந்து தன் பேர் எப்படி ஒலிக்கும் என்று திஜ்ஜா முதல்முறை கேட்டாள். கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடத் தோன்றியது. ஓடவில்லை. ஆற்றுக்குப் போகும் வழியில் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.

ஹயாத்து மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்தான். ஜோதா ஓலேயின் தலையை மடியில் வாங்கிக்கொண்டான். ஊசி ஏறும்போது ஓலேக்குத் தோல்கூடச் சிலிர்க்கவில்லை. பிறகு ஹயாத்து பையிலிருந்து நீலத் துணிகளை எடுத்து நீட்டினான். ஜோதா வாங்கி, அத்திமரத்துக்குப் பக்கத்தில் தானே கம்பு நட்டுக் கட்டினான். கட்டி முடித்துவிட்டு ஆற்றின் மேலே கை காட்டினான். "அங்க ஒரு தண்ணித்துறை இருக்கு. அதுக்கும் மேல ஒண்ணு. அங்கயும் நம்ம மாடு போகும்."

ஓலே பிழைத்தாள். எழுந்து நிற்க நாளாயிற்று, பழையபடி பால் கறக்க மறு மழை ஆயிற்று. காளைக்கும் ஊசி கிடைத்தது, தேறியது. ஹயாத்து திரும்பி வருவதற்குள் வூனே செத்துப்போனாள், மந்தையிலேயே சாதுவான பசு. அந்த ஓர் ஊசி வூனேக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

அஸ்தா மட்டும் வெண்ணெய் கடையும்போது இடுப்பில் இடிப்பாள். "என் பேரை எப்பக்கா சொல்லுவாரு? என் சப்பை மூக்குக்கும் சம்மோரே வரணுமா?"

"சும்மா இருடி" என்பாள் திஜ்ஜா.

ஜோதா அதற்குப் பிறகு அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. மறுநாளே அவள் பழையபடி வடக்கு வீடு ஆகிவிட்டாள். ஆனால் அந்தியில் புகைக்கு முன்னால் நின்று மாடுகளைக் கூப்பிடும்போது, ரானே, நேலே, புலே என்று தடதடவென்று சொல்லிக்கொண்டு வருபவன், ஓலேக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு நிறுத்துவான். வீட்டில் வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை. திஜ்ஜா கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அந்த ஒரு மூச்சுக்காகக் காத்திருப்பாள்.